ஹூஸ்டனில் நாடி பார்த்தேன்

ஹூஸ்டன் எண்ணெயால் வளர்ந்த ஊர். கப்பல் கால்வாய்க் கரையில் சுத்திகரிப்பு ஆலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. அங்கே பம்பு என்று சொன்னால் பெரும்பாலோருக்கு எண்ணெய்க் கிணறுதான் நினைவுக்கு வரும். ஆனால் நகரத்தின் நடுவில் ரயிலேறித் தெற்கே போனால் வேறொரு பம்பு வளர்ந்த இடம் வருகிறது. அதன் பெயர் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர். 60-க்கும் மேற்பட்ட மருத்துவ நிறுவனங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் தனி நகரம் அது. உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகம். ரயில் அதற்குள்ளேயே ஓடுகிறது. தெருவுக்கு மேலே கண்ணாடிப் பாலங்கள் ஒரு கட்டடத்தை இன்னொன்றோடு சேர்க்கின்றன. ஹெலிகாப்டர் வந்து மொட்டைமாடியில் இறங்குகிறது, யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், எதிரே இரண்டு மருந்துக்கடை. அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்து நின்றால் கழுத்து வலிக்கிறவரை பார்க்கத்தான் தோன்றும்.

என் அக்கா மகள் அங்கே நர்ஸ். இதயத்தில் பம்பு பொருத்தியவர்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை. "மாமா, கோயில், ராக்கெட், கடல் எல்லாம் பொறவு பாக்கலாம். மொதல்ல எங்க ஆளுகளைப் பாருங்க" என்று கூட்டிப்போனாள். பம்போடு வாழ்கிறவர்கள் அவ்வப்போது ஓரிடத்தில் கூடிப் பேசுவார்களாம். புதிதாகப் பம்பு வைத்தவர்களுக்குப் பழையவர்கள் தைரியம் சொல்வார்களாம்.

பெரிய அறை. மடக்கு நாற்காலிகள், ஒரு மேசையில் காபியும் கேக்கும். இருந்தவர்களைப் பார்த்தால் நோயாளிகள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவர் தோளிலும் குறுக்காக ஒரு பை மட்டும் தொங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டி என்ற ஊர்க்காரர். ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் கேட்டி ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. பழைய நெல் உலர்த்தும் உயரமான கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. இவர் குடும்பமும் தலைமுறையாக நெல் போட்டதுதான். நானும் வயல்காட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உங்கள் ஊரில் கிணறு எத்தனை ஆழம், கரண்ட் இலவசமா, நெல்லுக்கு என்ன விலை? கேள்வி மேல் கேள்வி. கடைசியில் கையை நீட்டி, "பாருங்கள்" என்றார்.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தேன். எங்கள் வைத்தியர்கள் வைக்கிற மாதிரிதான். ஒன்றும் இல்லை. விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். தோல் கதகதவென்று இருக்கிறது, அடியில் எலும்பு இருக்கிறது, நரம்பு தட்டுப்படுகிறது, துடிப்பு மட்டும் இல்லை. எங்கள் பக்கம் நாடி அடங்கிவிட்டது என்றால் உறவுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிவிடுவார்கள். இங்கே நாடி இல்லாத ஒருவர் காகிதத் தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு, இந்த வருடம் மழை தவறியதைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மருமகள் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, அவர் சட்டைக்கு மேலேயே இடது மார்பில் வைத்தாள். லப்-டப் இல்லை. ஒரே சுருதியில் ரீங்காரம். கொஞ்சம் பொறுத்துக் கேட்டபோது அந்தச் சுருதி இரண்டு நொடிக்கு ஒருமுறை லேசாக இறங்கி ஏறுவது புரிந்தது. ஏன் இறங்கி ஏறுகிறது என்று கேட்டேன். "அதாம் மாமா விஷயமே" என்றாள்.

இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. அது தளர்ந்துபோனால் நுரையீரலில் நீர் கோக்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மருந்துக்கும் அடங்காத நிலை வந்தால் மாற்று இதயம் வேண்டும். அது எல்லோருக்கும் கிடைக்காது, கிடைத்தாலும் உடனே கிடைக்காது. அதுவரைக்கும், சிலருக்கு ஆயுள் முழுவதற்கும், இந்தப் பம்பு. இடது கீழறையின் நுனியில் துளையிட்டு அதைப் பொருத்துகிறார்கள். அங்கிருந்து இரத்தத்தை எடுத்து, ஒரு குழாய் வழியே பெருந்தமனியில் சேர்க்கிறது. வயிற்றுத் தோலைத் துளைத்து ஒரு கேபிள் வெளியே வந்து, இடுப்பிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவிக்கும் தோள்பையிலுள்ள பேட்டரிகளுக்கும் போகிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். துடிப்பாக விட்டு விட்டு அல்ல, ஒரே ஓட்டமாக. அதனால்தான் நாடி இல்லை.

நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ல வைத்திருக்கும் மாதிரிப் பம்பு ஒன்றை மருமகள் என் உள்ளங்கையில் வைத்தாள். ஹார்ட்மேட் 3 என்று பெயர். எடை சுமார் 200 கிராம். டைட்டானியம். இரத்தம் உள்ளே நுழையும் குட்டையான குழாயின் வெளிப்புறத்தை விரலால் தடவினால் சொரசொரப்பு. பாலிஷ் போட மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். நுண்ணிய டைட்டானிய மணிகளை வேண்டுமென்றே அதில் ஒட்டவைத்திருக்கிறார்களாம். அந்தச் சொரசொரப்பில் உடம்பின் சொந்தத் திசு மெல்லிய படலமாகப் படர்ந்துவிடும். அப்புறம் இரத்தம் உலோகத்தைப் பார்க்காது, தன்னைத்தான் பார்க்கும். உள்ளே ஒரு சின்னச் சுழலி. அது எதன் மேலும் உட்காரவில்லை, எதையும் தொடவில்லை. காந்த விசையில் அந்தரத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது.

சும்மா ஒரு வேடிக்கைக்காக அதை மிதக்கவிடவில்லை. அந்த ஊரில் அரை நூற்றாண்டாகப் பம்பு செய்தவர்களுக்கு இரத்தத்தைத் தள்ளுவது பெரிய பாடாக இருந்ததில்லை. உறையவிடாமல் தள்ளுவதுதான் பாடு.

1969 ஏப்ரல் 4 அன்று டென்டன் கூலி என்ற அறுவை நிபுணர் இதே வளாகத்தில், அர்ஜென்டினாக்காரரான டொமிங்கோ லியோட்டா உருவாக்கிய முழுச் செயற்கை இதயத்தை ஹாஸ்கெல் கார்ப் என்பவருக்குப் பொருத்தினார். மனிதருக்கு அப்படிச் செய்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. சுமார் 64 மணி நேரம் அது ஓடியது. பிறகு மாற்று இதயம் வைத்தும் அவர் பிழைக்கவில்லை. கூலிக்கும் அவருக்கு மூத்த அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கிக்கும் அந்த அறுவையால் மூண்ட பகை 2007 வரை நீடித்தது. எதிரெதிர்க் கட்டடங்களில் இருந்துகொண்டு கிட்டத்தட்ட நாற்பது வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்! அந்தப் பிணக்கைப் பற்றி ஹூஸ்டனில் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு வேறொருவர் கதைதான் மனதில் தங்கியது.

ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற மருத்துவர் 1976-இல் எகிப்துக்குப் போயிருந்தார். நைல் கரையோரக் கிராமம் ஒன்றில், நீளமான உருளைக்குள் திருகுச் சுருள் வைத்து, கையால் சுற்றி ஆற்று நீரை வயலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆர்க்கிமிடீஸ் பெயரில் வழங்கும் பழைய நீரிறைப்பு. நம் பக்கம் கமலை கட்டி மாட்டை வைத்து இறைத்தோம், அங்கே திருகு. அதைப் பார்த்தவர் மனதில், இரத்தத்தையும் இப்படி ஏற்றலாமே என்று விழுந்தது. நிமிடத்துக்கு 25,000 சுற்று சுற்றும் பென்சில் கனத் திருகை அவர் செய்துகாட்டியபோது, இரத்த அணுக்கள் அரைபட்டுப் போகும் என்றுதான் பலரும் சொன்னார்கள். அரைபடவில்லை. அணுக்கள் அந்தத் திருகைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகின்றன. அதற்கு ஹீமோபம்பு என்று பெயர். 1988-இல் ஹூஸ்டனில் அறுவை நிபுணர் பட் ஃபிரேசியர் அதை முதல் நோயாளிக்கு வைத்தார். இதயம் மாதிரி துடிக்க வேண்டியதில்லை, சுற்றினாலே போதும் என்ற தைரியம் அங்கிருந்து வந்தது. நைல் கரையில் திருகு சுற்றிய அந்த விவசாயிகளுக்கு இது யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

ஆனால் சுற்றுகிற எதுவும் ஏதாவது ஒன்றின் மேல் நின்றுதானே சுற்ற வேண்டும்? ஹார்ட்மேட் 2 என்ற முந்தைய பம்பில் சுழலியின் இரண்டு முனையிலும் செயற்கை மாணிக்கக் கல்லாலான தாங்கிகள் இருந்தன. அவற்றுக்கு எண்ணெய் விட முடியாது. ஓடுகிற இரத்தமே மசகு. 2008-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற அந்தப் பம்பு பல ஆயிரம் பேரைப் பிழைக்க வைத்தது. முன்னாள் துணை அதிபர் டிக் செனி அதை வைத்துக்கொண்டு இருபது மாதம் நடமாடி, 2012-இல் மாற்று இதயம் பெற்றார். ஆனால் தாங்கியில் சூடு பிறக்கிறது, அதன் ஓரத்தில் ஓட்டம் மந்தமாகிறது. வாய்க்கால் மடங்குகிற மூலையில் பாசி பிடிப்பதைப் போல அங்கே இரத்தம் கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மூன்று பெரிய அமெரிக்க மருத்துவமனைகள் தங்கள் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டன: பொருத்திய மூன்று மாதத்துக்குள் பம்பில் இரத்தம் உறைவது 2011 மார்ச்சுக்கு முன் 100-க்கு 2.2 ஆக இருந்தது, 2013 ஜனவரிக்குள் 8.4 ஆக ஏறியிருந்தது.

உறைந்தால் என்ன ஆகும்? கூட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி சொன்னார். அவருக்கு இப்போது இருப்பது இரண்டாவது பம்பு. முதலாவது இருந்தபோது ஒரு நாள் காலையில் சிறுநீர் கோலா நிறத்தில் போயிருக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவியில் மின்சாரச் செலவு காட்டும் எண் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது. கட்டியை உரசிக்கொண்டு சுற்றச் சுழலிக்குக் கூடுதல் சக்தி வேண்டும்; அந்த இடுக்கில் சிவப்பணுக்கள் நசுங்கி, அவற்றின் நிறம் சிறுநீரில் இறங்குகிறது. அவர் ஆம்புலன்ஸுக்குக்கூடக் காத்திராமல் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அந்தக் கட்டி உடைந்து மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம். நெஞ்சை மறுபடி திறந்து பம்பை மாற்றினார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கவே இல்லை. கேட்ட எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

இரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கு ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ பெயரில் வழங்கும் மூன்று காரணங்கள் உண்டு. ஓட்டம் தேங்குவது, குழாயின் உட்சுவர் பழுதாவது, இரத்தத்தின் இயல்பே உறையும் பக்கம் சாய்வது. பம்பு வைத்தால் மூன்றுமே வந்து சேருகின்றன. அந்நியப் பொருளைத் தொட்டதும் இரத்தம் காயம் என்று நினைக்கிறது. காயத்தை மூடுவது அதன் தர்மம். அந்தத் தர்மத்தை மீறச் சொல்லாமல், அதற்குச் சந்தர்ப்பமே கொடுக்காமல் இருக்கத்தான் காந்தத்தில் மிதக்கவிட்டார்கள். தாங்கி இல்லை, உரசல் இல்லை, இரத்தம் தாராளமாகப் போக அகலமான இடைவெளி. இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகத்தைச் சட்டென்று குறைத்துக் கூட்டி, மூலைமுடுக்கில் நிற்கும் இரத்தத்தை அலசி விடுகிறார்கள். நான் காதில் கேட்ட ஏற்ற இறக்கம் அந்த அலசல்தான். 1,028 பேரை வைத்து இரண்டு பம்புகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டில் பம்பில் உறைவு ஏற்படவோ அதற்கான சந்தேகம் எழவோ செய்தது பழையதில் 100-க்கு 13.9, புதியதில் 1.4.

ராக்கெட் பார்க்கவும் போனோம். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் படுக்கப்போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதற்குள் கால் ஓய்ந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த டேவிட் சாசியர் என்ற பொறியாளருக்கு 1984-இல் டிபேக்கி மாற்று இதயம் வைத்தார். பிழைத்து வேலைக்குத் திரும்பிய சாசியர், தன் சகாக்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவர்களோடு உட்கார்ந்து சின்னப் பம்பு ஒன்றுக்கு வடிவம் போட்டார். ஆரம்ப மாதிரிகளில் இரத்தம் கட்டியது, அணுக்கள் நசுங்கின. ராக்கெட் எஞ்சினுக்குள் எரிபொருள் எப்படிப் பாய்கிறது என்று கணக்கிடும் நாசாவின் சூப்பர் கம்ப்யூட்டரில் இரத்த ஓட்டத்தைப் போட்டுப் பார்த்து, தேங்குகிற இடங்களைக் கண்டுபிடித்துச் செதுக்கினார்கள். 1998-இல் பெர்லினில் அந்தப் பம்பு முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

எனக்கு அந்த ராக்கெட்டின் பக்கத்தில் நின்றபோது செங்கோட்டை வழியாக மலையேறி இறங்கும் பாதை நினைவில் ஓடியது. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலும் ராக்கெட்டும் இதயமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 100 கிராம் எடையில், நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் தள்ளும் டைட்டானியப் பம்பு ஒன்றைச் செய்து விலங்குகளில் சோதித்திருக்கிறது. அதே ஊரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. இதுவரை அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதில் ஒரு நெஞ்சு என் அக்காவுடையது.

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. அந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது தெரிந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். சங்கரன்கோவில் கோமதியம்மன் சன்னதியில் புற்றுமண் வாங்கி நெஞ்சில் பூசினாள், ஆடித்தபசுக்கு நேர்ந்துகொண்டு கோயிலை நூற்றியெட்டுத் தடவை சுற்றினாள். மூச்சு வாங்க வாங்கச் சுற்றினாள். பிறகு திருவனந்தபுரத்துக்குப் போனோம். 1998-இல் வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து அசிட்ரோம் மாத்திரை, ஐ.என்.ஆர். சோதனை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண் அது. நமக்கெல்லாம் 1. அக்காவுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டும், கூடினால் பல் தேய்த்தாலே இரத்தம் வரும். ஆரம்பத்தில் அந்தச் சோதனைக்காகவே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவாள். ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு போகும்.

கேட்டி விவசாயியும் இதே எண்ணுக்குள் வாழ்கிறார். மாத்திரை மட்டும் வேறு. அவர் போடுவது வார்ஃபரின். அவருக்கு எல்லை 2-க்கும் 3-க்கும் நடுவில். ஒரு வித்தியாசம், அவர் பஸ் ஏறுவதில்லை. பைக்குள்ளிருந்து கையடக்கக் கருவியை எடுத்து, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு வைத்தார். ஒரு நிமிடத்துக்குள் எண் வந்தது. 2.4. போனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கேக்கைத் தொடர்ந்தார்.

உறைவது ஒரு பக்கம் என்றால் கசிவது மறுபக்கம். சுழலியின் வேகத்தில் இரத்தத்திலுள்ள வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரதம் இழுபட்டு அறுந்துபோகிறது. காயத்தை அடைக்க முதலில் ஓடிவருவது அதுதான். ஆகவே பம்புக்குள் கட்டிக்கொள்ளப் பார்க்கும் அதே இரத்தம், குடலுக்குள் கசிகிறது. இவருக்கும் மலம் கறுத்துப் போய் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். 2023-இல் வந்த ஆய்வு ஒன்று, இந்தப் புதுப் பம்புக்கு ஆஸ்பிரின் தேவையில்லை, அதை விட்டால் உறைவு கூடாமல் கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. அவருக்கும் டாக்டர்கள் நிறுத்தினார்கள்.

கரண்டைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு பேட்டரியும் சேர்ந்து 17 மணி நேரம் வரை தாங்கும். ஒன்றை மாற்றும்போது மற்றது மாட்டியபடி இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கழற்றவே கூடாது. இரவில் சுவரிலிருந்து மின்சாரம். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டபோது, அவர் தீயணைப்பு நிலையத்தில் உட்கார்ந்து பேட்டரியை ஏற்றிக்கொண்டாராம். நான் 2023 டிசம்பர் மழையை நினைத்துக்கொண்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த இருட்டில் ஒருவர் இந்தப் பையோடு இருந்தால்?

இருக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. சென்னையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் போன்றவர்கள் இந்தப் பம்புகளைப் பொருத்தி வருகிறார்கள். தமிழ்நாட்டில் மாற்று இதயத்துக்கும் வழி இருக்கிறது. 2008-இல் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் மருத்துவப் பெற்றோர் இருவரும் மகனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தது இந்த மண்ணின் மனதை அசைத்தது. உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023-இல் அரசு அறிவித்தது. பம்பின் விலை இன்று எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் எட்டாது. ஆனால் விலை இறங்கி ஒரு நாள் அது சங்கரன்கோவிலுக்கு வந்தாலும், அதைத் தாங்கிப் பிடிக்கப்போவது அந்த ஒரு சொட்டு இரத்தச் சோதனைதான். வால்வு மாற்றியவர்கள் எங்கள் தாலுகாவிலேயே எத்தனையோ பேர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அந்தப் பையில் இந்தக் கையடக்கக் கருவியையும் வைத்து அனுப்ப வேண்டும் என்று கையெடுத்துக் கேட்கிறேன். நூற்றியெட்டுச் சுற்று சுற்றக்கூடிய மனுஷிக்கு மாதம் ஒரு சொட்டு இரத்தம் கொடுப்பது பாரமே இல்லை. அதற்காகப் பஸ் ஏறுவதுதான் பாரம்.

அன்று ராத்திரி, ஊரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து, அக்காவிடம் வீடியோவில் பேசினோம். நாடி இல்லாத மனிதரைப் பற்றி நான் நீட்டி முழக்கினேன். அவள் ஆச்சரியப்பட்டது கொஞ்ச நேரம்தான்.

"அவருக்கு ஐ.என்.ஆர். எம்புட்டு?"

"2.4."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு. கீரை திங்காரான்னு கேட்டியாலே?"

வைட்டமின் கே உள்ள கீரை மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து, கொல்லையில் முருங்கை நின்றும் அக்கா இத்தனை வருடம் ஒரு பிடி உருவித் தின்றதில்லை. மறுநாள் அந்த விவசாயியைப் போனில் பிடித்துக் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் கொலார்டு கீரை சாப்பிடுகிறாராம், ஒரே அளவாக. ஒரு வாரம் குவித்துத் தின்று அடுத்த வாரம் விடுவதுதான் எண்ணைக் குலைக்கும். அளவு மாறாமல் இருந்தால் அதற்கேற்ப மாத்திரையைக் கணக்குப் பண்ணிக்கொடுப்பார்கள். இதை அக்காவிடம் சொன்னபோது மருமகளும் ஆமாம் என்றாள். "ஆனா அம்மா, டாக்டர்ட்ட கேக்காம தொடங்கிராதே. தொடங்குனா ஒரு வாரத்துல டெஸ்ட் எடுத்துரு."

அக்கா கேட்டாள். புதன்கிழமை தோறும் ஒரு கைப்பிடி என்று டாக்டர் அளவு சொன்னார். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த சோதனையில் 2.9. அதை அந்த நெல் விவசாயிக்குச் சொல்லியனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அவருடையது அந்த வாரம் 2.3.